தடைக்காலத்தில் எடுத்த அளவு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி மேலாளர் கேட்டபோது, அது ஓய்வு பெற்றவர்கள் செய்கிற வேலை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். எனக்கு முப்பத்திரண்டு வயதுதான் ஆகிறது. "சைட்டுக்குப் போறதுல இருந்து ரிட்டயர் ஆவுறல்ல, அது போதும், எழுது" என்றார். அது உண்மைதான். மகள் எல்.கே.ஜி. போகத் தொடங்குகிறாள். நான் டிசைன் மேசைக்கு மாறுகிறேன். இனிமேல் சோலார் வேலைக்காக நான் ஏறிய கூரைகளில் நீங்கள் ஏறப் போகிறீர்கள்.

இதற்கு முன் மூன்று முறை எழுதி அழித்தேன். முதலில் எழுதியது பாதுகாப்பு விதிகள் போல இருந்தது. அவை உங்கள் கையேட்டில் இருக்கின்றன. இரண்டாவது எழுதியது என் பெருமையைச் சொல்வது போல இருந்தது. மூன்றாவது நன்றாக இருந்தது, அதனாலேயே சந்தேகம் வந்து அழித்துவிட்டேன். இது நான்காவது. இதில் நான் செய்த ஒரு தப்பை மட்டும் சொல்கிறேன்.

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய நேரம் அது. மகளுக்கு எட்டு மாதம். வீடு சிதம்பரத்தில், அலுவலகம் கடலூரில். காலையில் குழந்தையைப் பக்கத்துத் தெருவில் இருக்கும் காப்பகத்தில் விட்டுவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு ஓடுவேன். பேருந்து புதுச்சத்திரம் தாண்டும் வரை, பால் பாட்டிலின் மூடியைச் சரியாகத் திருகினேனா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். தாண்டிய பிறகு, முந்தின நாள் போட்ட கணக்கில் எங்காவது சைபர் விட்டுப்போயிற்றா என்று யோசிக்கத் தொடங்குவேன். எந்தத் தாளையும் மூன்று முறை சரிபார்க்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டேன். அலுவலகத்தில் அதற்காகக் கேலி செய்வார்கள். மூன்று முறை சரிபார்க்கிறவள் தப்பு செய்ய மாட்டாள் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். தப்பான எண்களை மூன்று முறை கூட்டினாலும் கூட்டல் சரியாகத்தான் வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கடலூர் துறைமுகத்தில் இருக்கும் ஒரு ஐஸ் கம்பெனி எங்களைத் தேடி வந்தது. படகுகளுக்கும் மீன் லாரிகளுக்கும் ஐஸ் பார் போட்டுக் கொடுக்கிற இடம். நடத்துகிறவர் நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண்மணி. வீட்டு ஆண்கள் கடலுக்குப் போகிறவர்கள். கரையில் இருக்கும் கம்பெனியை இவர்தான் பார்த்துக்கொள்கிறார். துறைமுகமே அவரை அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய கொட்டகைக் கூரையில் இரண்டு வருடங்களுக்கு முன்பே வேறு யாரோ சோலார் தகடுகள் மாட்டிக் கொடுத்திருந்தார்கள். பகலில் அது உதவியது. ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் உச்ச நேரக் கட்டணம். வெயில் போனதும் கரண்ட் விலை ஏறும்.

முதல் நாள் அக்கா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "மத்தியானம் மிஞ்சுற வெயில சாயங்காலத்துக்கு எடுத்து வெக்க முடியுமா பாப்பா?"

பேட்டரி சேமிப்பு பற்றி நீங்கள் படித்த எல்லாமே இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. மிஞ்சினால் வைக்கலாம். எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் நம்முடைய வேலை.

அதைக் கண்டுபிடிக்க நம்மிடம் ஒரு படிவம் உண்டு. கடைசி மூன்று மின் ரசீதுகள், கூரையின் படங்கள், ஒரு வார அளவு. வீடுகளையும் துணிக்கடைகளையும் மனதில் வைத்து யாரோ தயாரித்த படிவம். படிவம் கேட்டதை நான் ஒன்று விடாமல் செய்தேன். மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை போய் அளவுக் கருவியை மாட்டினேன். கொட்டகை அமைதியாக இருந்தது. ஓட்டின் மேல் காகம் நடப்பதுகூடக் கேட்டது. குளிர வைக்கும் இரண்டு கம்பிரசர்களில் சின்னது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் அக்காவுக்கு மாமா முறை. அதனால் அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் அவர் மாமாதான். ஒரு வாரம் கழித்துப் போய்க் கருவியைக் கழற்றிப் பார்த்தபோது மனது நிறைந்துவிட்டது. பதினோரு மணியிலிருந்து மூன்றரை வரை தகடுகள் தருவதில் பாதிக்கு மேல் யாரும் தொடாமல் மிஞ்சியது. இவ்வளவு அழகான வரைபடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதே வாரம் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழந்தைக்கு மீன் கொடுக்கத் தொடங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முள் இல்லாத துண்டாகக் கொஞ்சம் வாங்கலாம் என்று சனிக்கிழமை சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் போனேன். விலையைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. ஏன் இவ்வளவு என்று கேட்டேன். மீன்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தடைக்காலம்மா. போட்டெல்லாம் கரையில நிக்கிது. மீனு என்னா வானத்துல இருந்தா வரும்?"

ஆமாம் தடைக்காலம்தானே என்று நானே சொல்லி, கேட்ட விலையைக் கொடுத்தேன். சித்திரையில் தொடங்கி இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. இந்தக் கரையில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து மீனை வேகவைத்து, முள் இருக்கிறதா என்று விரலால் நான்கு முறை தடவிப் பார்த்து, மகளுக்கு ஊட்டித் தூங்க வைத்தேன். பிறகு லேப்டாப்பைத் திறந்து ஐஸ் கம்பெனிக் கணக்கைத் தொடர்ந்தேன். கையில் இன்னும் மீன் வாசனை இருந்தது. படகு போகாதபோது ஐஸ் யாருக்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் வடிவமைத்த பேட்டரி பெரியது. ஆறு பீரோக்களை வரிசையாக நிறுத்தி வைத்த அளவு. மாலை உச்ச நேரம் முழுவதும் அதிலேயே ஓட்டிவிடலாம் என்று தாள் சொன்னது. அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். எண்களைவிட என் முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"இந்த உப்புத் தண்ணித் தொட்டி இருக்குது பாரு, அதுக்கு அடித்தகடு மாத்தணும்னு காசு எடுத்து வெச்சிருக்கேன். துருப் புடிச்சிப் போச்சி. ஒட்டுப் போட்டு ஓட்டிக்கிட்டு இருக்கோம். அந்தக் காச இதுல போட்டா, அடுத்த வருசம் மிச்சமாவுறதுல தொட்டியப் பாத்துக்கலாமா?"

ஐஸ் கம்பெனிக்கு இருதயம் அந்தத் தொட்டிதான். உப்புத் தண்ணீரைக் குளிர வைத்து, அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்களை இறக்கினால்தான் ஐஸ் உறையும். தொட்டி ஒழுகினால் கம்பெனி நின்றுவிடும். அது எனக்குத் தெரிந்தே, "பாத்துக்கலாம்க்கா" என்றேன்.

ஜூன் கடைசியில், பேட்டரி வைக்க மேடை கட்டும் இடத்தைக் குறித்துக் கொடுக்கப் போனேன். அன்று மாலை ஐந்து மணிக்கு ஆர்டர் போக இருந்தது. போய்விட்டால் திருப்ப முடியாது. காலை பதினொன்றரை மணி இருக்கும். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே சத்தம் கேட்டது. வாசலில் மூன்று லாரிகள். ஐஸ் அரைக்கும் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் ஐஸ் பார்களைக் கொக்கியால் இழுத்துச் சரித்துக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் தண்ணீர். மாமாவிடம் மேடை எங்கே வரும் என்று கத்திக் கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. கிட்டே போனேன்.

"என்ன மாமா, இன்னிக்கு ஏதாவது விசேஷமா? இவ்வளவு கூட்டம்?"

அவர் சிரித்தார். "விசேசமா? இதான் மேடம் டெய்லி. தட முடிஞ்சி போட்டு எறங்கிடுச்சி. நீங்க வந்தப்ப கம்பெனி தூங்கிக்கிட்டு இருந்துது. நானும் தூங்கிக்கிட்டு இருந்தேன்."

"ரெண்டு கம்பிரசரும் ஓடுதா?"

"ரெண்டும்தான். இனிமே அடுத்த சித்திர வரைக்கும் மத்தியானத்துல ரெண்டும் ஓடும். பெருசு கரண்ட்ட பிரியாணி மாதிரி சாப்புடும்."

எனக்கு முதலில் கால்தான் குளிர்ந்தது. அது தரையில் இருந்த ஐஸ் தண்ணீரால் என்று நினைத்துக்கொண்டேன். மீட்டர் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மேடை அளவு எழுத வைத்திருந்த தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். இரண்டு கம்பிரசர்களும் மத்தியானம் ஓடினால் தகடுகள் தருவது முழுவதும் அங்கேயே தீர்ந்துவிடும். மிஞ்சாது. வருடத்தில் பத்து மாதம் அந்த ஆறு பீரோக்களுக்கும் வெயில் கிடைக்காது. நான் காட்டிய மிச்சம், படகுகள் கரையில் நின்ற இரண்டு மாதத்து மிச்சம்.

மீண்டும் போட்டேன். அதே பதில். மூன்றாவது முறையும் போட்டேன்.

அந்த அறையில் நான் நின்ற கால் மணி நேரத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அங்கே நிற்கும்போது ஒருத்திக்கு எத்தனை நியாயங்கள் தோன்றும் என்பது உங்களுக்கும் ஒரு நாள் தெரியவரும். ஒருவேளை இந்தப் புதுக் கணக்குதான் தப்போ, அவசரத்தில் போடுகிறேனோ என்று தோன்றியது. மேலாளர் கையெழுத்துப் போட்ட தாள்தானே, நான் மட்டுமா பொறுப்பு என்று தோன்றியது. விடுப்பு முடிந்து வந்த இரண்டாவது மாதமே இப்படி என்றால், குழந்தை ஞாபகத்தில் கணக்குப் போடுகிறாள் என்று சொல்வார்களே என்றும் தோன்றியது. யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் நானே எனக்குள் பல தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.

அப்போது போன் அடித்தது. காப்பகத்தின் எண். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். குழந்தைக்குக் காய்ச்சல், உடனே வாங்க என்று சொல்லிவிட மாட்டார்களா என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். அப்படிச் சொன்னால் யாரிடமும் எதுவும் சொல்லாமல் பேருந்தைப் பிடித்துவிடலாம். ஊர் போய்க் குழந்தையை டாக்டரிடம் காட்டி முடிப்பதற்குள் ஐந்து மணி ஆகியிருக்கும்.

"பாப்பா நல்லா சாப்ட்டாம்மா. தூங்குது. நீங்க காலைல கவலையா போனீங்களே, அதான் சொல்லலாம்னு."

நன்றி சொல்லி வைத்தேன். தப்பிக்க வழி இல்லை. இந்த அளவுக்கு நான் வெட்கப்பட்ட நாள் வேறு இல்லை.

மேலாளரைக் கூப்பிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. அவரும் ஐந்து மணியை நினைத்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, பேட்டரி வீணா போவாது. வெயில் இல்லன்னா ராத்திரி கரண்ட்ல சார்ஜ் பண்ணி சாயங்காலம் விட்டுக்கலாம். கொஞ்சமாவது மிச்சம் வரும்ல?"

"வரும் சார். அவுங்க எதிர்பார்க்குறதுல கால்வாசிகூட வராது. தொட்டிக்கு வெச்ச பணத்த இதுல போடுறாங்க சார்."

"நான் ஆர்டர நிறுத்தி வெக்கிறேன். அவுங்ககிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா கம்பெனி சொல்ற மாதிரி இருக்கும்" என்றார். அன்று அது தண்டனை மாதிரிதான் இருந்தது. இப்போது யோசித்தால் அவர் சொன்னது சரிதான் என்று படுகிறது. முழுக்கச் சரியா என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. அவரும் கூட வந்திருக்கலாம்.

அக்கா கல்லா மேசையில் உட்கார்ந்து டோக்கன் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே நாற்காலி ஒன்றுதான். நான் நின்றபடியே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, நான் போட்ட கணக்கு தப்பு. தடைக்காலத்துல வந்து அளந்துட்டேன். இப்ப மத்தியானத்துல எதுவும் மிஞ்சல. அந்தப் பேட்டரி உங்களுக்கு வேணாம்."

அவர் டோக்கன் கிழிப்பதை நிறுத்தவில்லை. நான்கு பேருக்குக் கொடுத்து முடித்தார்.

"உனக்கு எந்த ஊரு?"

"சிதம்பரம்க்கா."

"சிதம்பரத்துல மீனு வாங்க மாட்டியா?"

"வாங்குவேன்."

"மே மாசம் வெல ஏறிச்சே, அப்ப மட்டும் தடன்னு தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது. மீனுக்குத் தெரிஞ்சிது. ஐஸ்ஸுக்குத் தோணல."

பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் சிரித்துவிட்டார். அக்கா பார்த்த பார்வையில் அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நானும்தான் உன்ன மே மாசத்துல வரச் சொன்னேன். வேல இல்லாத நேரமா இருக்குதே, பொறுமையா பாக்கட்டும்னு. எனக்கும்தான் தோணல. மாமா, ஒனக்காவது தோணிச்சா?"

"நான் தூங்கிக்கிட்டு இருந்தேன்னு மேடத்துகிட்ட அப்பவே சொல்லிட்டேன்" என்றார் மாமா.

அக்கா மேசை டிராயரை மூடினார். "சரி. பேட்டரி வேணாம்னு சொல்லிட்ட. சாயங்காலத்து கரண்ட்டுக்கு என்னா வழி? அதச் சொல்லாம போவாத."

ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்டேன். அளவுக் கருவியைத் திரும்ப மாட்டினேன். இம்முறை வெறும் கருவியை மட்டும் நம்பவில்லை. தினமும் பகலில் போய் நின்று பார்த்தேன். எந்த நேரத்தில் கேன் தூக்குகிறார்கள், எப்போது தண்ணீர் நிரப்புகிறார்கள், எந்த நாள் படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கும் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன். நான் பார்த்தது இதுதான். மத்தியான வெயில் எங்கேயும் வீணாகவில்லை. அது ஐஸாக மாறித் தொட்டிக்குள் ஏற்கெனவே சேமிப்பில் இருந்தது. அக்காவிடம் ஒரு பெரிய பேட்டரி முன்பே இருந்தது, அதன் அடித்தகட்டில் துரு ஏறியிருந்தது, அவ்வளவுதான். மத்தியானம் தொட்டியை இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குளிர வைத்துவிட்டால், மாலை உச்ச நேரத்தில் கம்பிரசரை நிறுத்தலாம். உப்புத் தண்ணீரைக் கலக்கிவிடும் மோட்டார் மட்டும் நிற்கக் கூடாது. அதற்கும் விளக்குகளுக்கும் கேன் தூக்கும் மோட்டாருக்கும் சின்னப் பேட்டரி போதும். அந்தச் சின்னதை நிரப்பும் அளவுக்குச் சீசனிலும் காலை வெயில் கொஞ்சம் மிஞ்சியது.

தாளில் அழகாக இருந்தது. அழகாக இருந்ததால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எதையும் வாங்குவதற்கு முன் பத்து நாள் ஓட்டிப் பார்க்கலாம் என்று சொன்னேன். பேட்டரி வரும் வரை கலக்கி மோட்டாரை மின்வாரியக் கரண்ட்டிலேயே ஓட்டலாம்.

முதல் நாள் மாலை இரண்டு கம்பிரசர்களையும் நிறுத்தச் சொன்னேன். மறுநாள் காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலிலேயே சிரிப்புச் சத்தம். ஐஸ் பார்களின் நடுப்பகுதி உறையாமல் தண்ணீராக இருந்தது. ஒரு படகுக்காரர் ஒரு பாரைச் சரித்து, நடுவில் இருந்த தண்ணீரைக் கீழே ஊற்றிக் காட்டினார்.

"என்னாக்கா, ஐஸ்ஸுக்குள்ள எளநி வெச்சி குடுக்குறீங்களா? ஸ்ட்ரா எங்க?"

"சோலார் ஐஸ்டா மச்சான். அப்பிடித்தான் இருக்கும்" என்றார் இன்னொருவர்.

அக்கா அவர்களுக்கு அந்த பார்களை மாற்றிக் கொடுத்தார். எனக்கு அழுகை வரும் போலிருந்தது. மாமாதான், "சின்னத மட்டும் ஓட விட்டு பெருச நிறுத்திப் பாப்பமா? சின்னது என்னா பெருசா தின்னுடப் போவுது" என்றார். அன்று மாலை அப்படிச் செய்தோம். மத்தியானம் இரண்டு மணிக்கே தொட்டியைக் கூடுதலாகக் குளிர வைத்தோம். மறுநாள் இளநீர் வரவில்லை. ஏழாம் நாள் படகுகள் அதிகமாக வந்தன, ஐஸ் போதவில்லை. அன்று பெரியதையும் உச்ச நேரத்தில் ஓட்டினோம். ஓட்ட வேண்டிய நாளில் ஓட்டத்தான் வேண்டும் என்று அக்கா சொன்னார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் அக்காவிடம் புதுத் தாளைக் கொடுத்தேன். ஆறு பீரோவுக்குப் பதில் ஒரு பீரோ. மிச்சமும் முதல் தாளில் காட்டியதைவிடக் குறைவுதான். ஆனால் இது சீசனில் வரும் மிச்சம். அக்கா தாளைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"போன தடவ சிரிச்சிக்கிட்டே குடுத்த. இப்ப பயந்துக்கிட்டே குடுக்குற."

"ஆமாக்கா."

"இதுவே இருக்கட்டும்."

மேலாளர் சின்ன ஆர்டரை அனுப்பினார். பெரிய ஆர்டர் கைவிட்டுப் போனதில் அவருக்கு வருத்தம் இருந்திருக்கும். என்னிடம் காட்டவில்லை. ஒரு மாதம் கழித்து அக்கா சொல்லி இரண்டு படகுத்துறைக் கம்பெனிகள் எங்களைத் தேடி வந்தபோது, "ஒன் எளநி ஐஸு நல்லாத்தான் விக்கிது" என்று மட்டும் சொன்னார்.

நீங்கள் நிரப்பும் படிவத்தில், மின் ரசீதுகள் கேட்கும் கட்டத்துக்குக் கீழே ஒரு கேள்வி இருக்கும். 'வருடத்தில் எந்த மாதங்களில் உங்கள் வேலை ஓய்ந்திருக்கும்? எப்போது அதிகமாக இருக்கும்?' இதற்கும் கரண்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் ஒருவர் போன வாரம் கேட்டது என் காதில் விழுந்தது. அந்தக் கேள்வியைச் சேர்த்தது நான்தான். தயவுசெய்து அதைக் காலியாக விடாதீர்கள். 'இல்லை' என்று எழுதிவிட்டும் வராதீர்கள். எல்லா இடத்துக்கும் ஒரு தடைக்காலம் உண்டு. சிதம்பரம் லாட்ஜுகள் மார்கழித் திருவாதிரைக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் நிரம்பும், பிறகு அறைகள் பூட்டிக் கிடக்கும். குறிஞ்சிப்பாடியில் கல்யாண மண்டபத்தை ஆடியில் அளந்தால் ஏசியே ஓடாத மண்டபம் என்று எழுதிக்கொண்டு வருவீர்கள். பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டும் காலத்தில் ஒரு வொர்க்‌ஷாப் ஓடுவது வேறு, மற்ற மாதங்களில் ஓடுவது வேறு. இவையெல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் இந்த ஊர்க்காரர்கள். மார்க்கெட்டில் தெரிந்ததை, கல்யாண வீட்டில் தெரிந்ததை, கோயில் கூட்டத்தில் தெரிந்ததை, லேப்டாப்பைத் திறந்ததும் மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன்.

இன்னொன்று. தப்பைக் கண்டுபிடித்த பிறகு, சொல்வதற்கு நல்ல நேரம் வரும் என்று காத்திருக்காதீர்கள். வராது. போன் அடித்தால்கூட, அது குழந்தை தூங்குகிறது என்று சொல்லத்தான் அடிக்கும்.

அடுத்த வருடம் தடைக்காலம் தொடங்கிய வாரமே அக்கா போன் செய்தார். "பாப்பா, தட ஆரம்பிச்சிடுச்சி. ஞாபகம் இருக்கட்டும்." கேலிதான். ஆனால் அதோடு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார், குழந்தையையும் கூட்டி வரச் சொன்னார்.

போனோம். கொட்டகை மறுபடியும் அமைதியாக இருந்தது. கேன்களை எல்லாம் வெளியே வெயிலில் அடுக்கியிருந்தார்கள். தொட்டி காலியாக இருந்தது. உள்ளே இறங்கி இரண்டு பேர் புது அடித்தகட்டை வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்கள். பழைய துருத் தகடுகள் சுவரோரம் சாய்ந்து நின்றன. அவற்றில் எத்தனை ஒட்டுகள் என்று மாமா விரல் விட்டு எண்ணிக் காட்டினார். மகள் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துவிடுவாளோ என்று பயந்து அவள் முகத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டேன். மூலையில் எங்கள் ஒற்றை பீரோ பச்சை விளக்கு எரிய நின்றுகொண்டிருந்தது.

தொட்டியைக் காலி செய்வதற்கு முன் எடுத்து வைத்திருந்த ஐஸை உடைத்து அக்கா ஒரு சின்னத் துண்டை எடுத்து வந்து மகளின் கையில் வைத்தார். அவள் முகத்தைச் சுளித்தாள், ஆனால் விடவில்லை. எனக்குப் பதறியது. சளி பிடிக்குமா, வாயில் போட்டுக்கொள்வாளா, எந்தத் தண்ணீரில் போட்ட ஐஸ், எவ்வளவு நேரம் கையில் இருக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினேன்.

"இதுக்கும் ஒரு வாரம் அளக்கணுமா?" என்றார் அக்கா.

மகளின் விரலிடுக்கில் வழிந்த தண்ணீர் என் சேலையில் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.